பாதிப் பிரசங்கத்தில் கடவுளான அத்தான்

எங்கள் அத்தான் ஞானாபரணம் கொஞ்ச காலம் கடவுளாக இருந்தார். 1999 நவம்பரில் ஆரம்பித்து அடுத்த பொங்கலை ஒட்டி முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் கல்கத்தா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டையரான மனிதர்தான். வழுக்கை, மூக்குக் கண்ணாடி, வாயு உபத்திரவம் எல்லாம் உண்டு. கடவுளாக இருந்த காலத்திலும் வாயு உபத்திரவம் போகவில்லை என்பதற்கு, அதே வீட்டில் இருந்தவள் என்ற முறையில் நானே சாட்சி.

நான் அவருக்குக் கொழுந்தியாள், பெயர் சகுந்தலா. அவர் மனைவி ஜெபமணி என் அக்கா. கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்து திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்தவள், கல்கத்தா பெஹாலாவில் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால் அத்தானைக் காட்டுவேன். மேற்கொண்டு யாரும் கேட்டதில்லை.

கெட்ட மனிதர் என்று சொல்ல வரவில்லை. கை சுத்தம், வாய் சுத்தம். ஆனால் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், அதில் உட்கார்ந்து யாருக்காவது தீர்ப்புச் சொல்ல வேண்டும் அவருக்கு. வேலையில் இருந்தபோது எந்தக் கப்பலுக்கு எந்த இடம் என்று மேலதிகாரி முடிவு செய்வார், அதை இவர் சத்தமாகப் படிப்பார். முப்பது வருஷம் அப்படிப் படித்துப் படித்து, முடிவே தன்னுடையது என்ற நினைப்பு வந்துவிட்டது. ரிட்டையரானதும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்குச் செயலாளர் ஆனார். கேட்க வேண்டுமா?

சபை பவானிபூரில் ஒரு சந்துக்குள் இருந்தது. ரயில்வே, பாங்க், துறைமுகம் என்று மாற்றலாகி வந்த குடும்பங்கள்தான் அதில் பாதி. கோயிலை ஒட்டி ஓர் அறை. அதில் கோயில் வேலையாள் மாசிலாமணி குடியிருந்தார். மணி அடிப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது எல்லாம் அவர்தான். அந்த வருஷ மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை கண்டு போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அவர் மனைவி அருக்காணி விளக்குமாற்றையும் மணிக் கயிற்றையும் கையில் எடுத்துக்கொண்டாள். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரி, நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாள். மகள் மஹிமா பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்தாள். மறு வருஷம் பத்தாவது, பெரிய பரீட்சை. அந்தப் பெண் தமிழைப் பேசுவதே தட்டுத்தடுமாறித்தான். எழுதப் படிக்கச் சுத்தமாகத் தெரியாது.

அந்த அறை மேல் அத்தானுக்குக் கண் விழுந்தது. அதற்குக் காரணம் விருந்தாளிப் பிரசங்கியார்கள். ஊரிலிருந்து யார் பிரசங்கம் செய்ய வந்தாலும் செயலாளர் வீட்டில்தான், அதாவது எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். எங்களுக்கு இருப்பது ஒரே குளியலறை. ஒருவர் விடியற்காலையில் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பத்து ஞானப்பாட்டு பாடிவிட்டுத்தான் வெளியே வருவார். இன்னொருவர், உடம்பெல்லாம் முள்ளான இலிஷ் மீனை முள்ளில்லாமல் கேட்டார். முள்ளில்லாத இலிஷ் கேட்கிறவருக்குப் பரலோகத்திலும் சாப்பாடு கிடைக்காது என்று அக்கா அடுப்படியில் முணுமுணுத்தாள்.

ஆகவே அத்தான் ஒரு திட்டம் போட்டார். அருக்காணியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அந்த அறையை இடித்துக் கட்டி, குளியலறையோடு விருந்தினர் அறை ஆக்குவது. அருக்காணியின் அண்ணன் கோபியில் இருந்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அத்தானே அவனிடம் பேசினார். வரட்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது, பொண்ணும் கூடமாட இருக்கட்டும் என்றானாம். படிப்பு என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அங்கே பள்ளிக்கூடம் இல்லையா என்றார் அத்தான். தமிழில் அகரம் தெரியாத பெண்ணைப் பத்தாம் வகுப்பில் யார் சேர்ப்பார்கள்? மாட்டுத் தொழுவத்தில்தான் சேர்ப்பார்கள்.

கமிட்டியில் பாதிப் பேர் அத்தான் பக்கம், பாதிப் பேர் அருக்காணி பக்கம். போதகர் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனால் யாருக்கும் பிரயோஜனமும் இல்லாதவர். ஜனவரியில் சபைக் கூட்டம் வைத்து, செயலாளர் சொல்வதே முடிவு என்று வைத்துக்கொள்ளலாம் என்று அவர் நழுவிவிட்டார். தாயும் மகளும் எங்கே இருப்பார்கள் என்பது அத்தானின் வாயில் வந்து நின்றது.

இந்த நிலைமையில்தான் அசனப் பண்டிகை வந்தது. திருநெல்வேலிக்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் அசனத்தை விடமாட்டோம். ஆராதனை முடிந்ததும் சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சோறும் சாம்பாரும் கறியும் சாப்பிட வேண்டும். அந்த வருஷம் வழக்கமான தமிழ்ச் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டதால் ஒரு பெங்காலி டாக்குரை அமர்த்தியிருந்தார்கள். டாக்குர் என்றால் இங்கே சமையல்காரர். கைராசிக்காரர், கல்யாண வீடுகளில் பேர் வாங்கியவர். ஒரே ஒரு பயம்தான். எதைச் சமைத்தாலும் ஒரு கை சர்க்கரை போட்டால்தான் அவருக்குத் திருப்தி.

பிரசங்கம் செய்ய வந்தவன் இன்பராஜ், ஹூக்ளி ஆற்றங்கரையில் ஓர் ஊரில் இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையன். அன்று அவன் எடுத்துக்கொண்டது ஒரு சங்கீதம். வேதம் மனிதர்களைப் பார்த்தே நீங்கள் தெய்வங்கள் என்று சொல்கிறதே, தெரியுமா என்று ஆரம்பித்தான். அத்தான் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சும்மா யாரோ சொன்னதில்லை, சொன்னவர் கடவுள் என்றான் இன்பராஜ். கல்லெடுத்து அடிக்க வந்தவர்களிடம் ஆண்டவரே இந்த வசனத்தைத்தான் எடுத்துக் காட்டினார், வேதவாக்கியம் பொய்யாகாது என்றும் சொன்னார் என்றான். உன்னதமானவரின் பிள்ளைகள் நீங்கள் என்றான். அத்தானின் முகம் தகதகவென்று இருந்தது. ஆனால் அந்தத் தெய்வங்கள் யார் என்று பையன் குரலைத் தாழ்த்திக் கேட்ட நேரத்தில், ஜன்னல் வழியாக அத்தான் பார்த்தார். டாக்குர் சர்க்கரை டப்பாவோடு சாம்பார் அண்டாவை நெருங்கிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார். மீதிப் பிரசங்கம் முடிகிறவரை அண்டாவின் பக்கத்திலேயே காவல் நின்றார். சாம்பார் பிழைத்தது. பிரசங்கத்தின் இரண்டாம் பாதியை அவரைத் தவிர சபை முழுவதும் கேட்டது.

மறுநாள் காலையில் வித்தியாசம் தெரிந்துவிட்டது. பெஹாலாவில் காலையில் பஜார் பையைத் தூக்கிக்கொண்டு மீன் வாங்கப் போவது ஆம்பிளைகள் வேலை. போகமாட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வேதமே தன்னை என்னவென்று சொல்லியிருக்கிறது தெரியுமா என்று அக்காவிடம் கேட்டார். சங்கீதத்தை எடுத்து, அந்த ஒரு வசனத்துக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அதற்கு மேலும் வசனம் இருந்தது, கீழும் இருந்தது. வாக்குத்தத்த காலண்டரில் தினம் ஒரு வசனம் கிழித்துப் படித்தே பழகியவருக்கு அக்கம்பக்கம் பார்க்கும் வழக்கம் கிடையாது. அக்கா பையை அவர் மடியில் வைத்து, தெய்வம் மீன் வாங்கி வராவிட்டால் தெய்வத்துக்குப் பருப்புத் துவையல்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள். போய் வாங்கி வந்தார். ஆனால் நடை மாறியிருந்தது.

மாடி வீட்டு பிமல்தாவுக்கும் கீழ் வீட்டுக்கும் தண்ணீர் மோட்டார் சண்டை. யாரும் கூப்பிடாமலே அத்தான் போய் நடுவில் உட்கார்ந்து, மோட்டாரை இனி யாருமே போடக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டு வீட்டுக்கும் தண்ணீர் இல்லை. அதுதான் சமநீதியாம். வேதப்படி தனக்கு அந்த அதிகாரம் உண்டென்று பெங்காலியில் விளக்கம் வேறு. பிமல்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தாதா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, எங்கள் ஊரில் தெய்வங்களை நாலு நாள் வைத்துக் கொண்டாடுவோம், அப்புறம் கொட்டு மேளத்தோடு கங்கையில் இறக்கிவிடுவோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

சபையில் கூத்து இன்னும் அதிகம். எல்லோருக்கும் விஷயம் தெரியும். முழுப் பிரசங்கத்தையும் கேட்டவர்கள் அல்லவா? வாசலில் பார்த்ததும் எழுந்து நிற்பார்கள், தெய்வமே வாங்க என்பார்கள். அவர் தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொள்வார். போதகர் சொல்லட்டும் என்று இவர்களும், இவர்கள் சொல்லட்டும் என்று போதகரும் இருந்தார்கள். சிரிப்பதற்குக் கிடைத்த ஒரு சங்கதியைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

எனக்குச் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. டிசம்பரில் ஒருநாள், அறையை எப்போது காலி செய்ய வேண்டியிருக்கும் என்று அருக்காணி அவரிடம் கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள், பாத்திரம் பண்டம் கட்ட நாள் வேண்டும் அல்லவா? தெய்வத்தின் தீர்ப்பை முன்கூட்டிக் கேட்பது முறையல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டார். மஹிமா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். அது பெங்காலி இலக்கணப் புத்தகம். கோபியில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

அன்று வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம், அந்த வசனத்துக்கு மேலே நாலு வரி படியுங்கள் என்று சொன்னேன். கையை உயர்த்தி என்னை நிறுத்திவிட்டார்.

"ஏ சகுந்தலா, நீ கொயர்ல பாடுத வேலையப் பாரு. வசனத்த நான் பாத்துக்கிடுதேன்."

வந்த கோபத்துக்கு அன்று அவர் தட்டில் இரண்டு மீன் குறைத்து வைத்தேன். வேறென்ன செய்ய முடியும்? தூங்குகிறவனை எழுப்பலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தூங்குகிறவனையும் எழுப்ப முடியாது.

கடைசியில் அவரே வினையை விலைக்கு வாங்கினார். ஜனவரிக் கூட்டத்தில் தீர்ப்புச் சொல்வதற்கு முன், தன் அதிகாரம் எங்கிருந்து வருகிறதென்று சபைக்கு நினைவுபடுத்த வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. இன்பராஜுக்குச் சொல்லியனுப்பி, கூட்டத்தன்று வந்து அதே பிரசங்கத்தைச் செய்ய வேண்டும், ஓர் எழுத்துகூட மாறக் கூடாது என்று உத்தரவு போட்டார். பையன் முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. அவனுக்கும் யாரோ விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். அத்தான் குளிக்கப் போன சமயம் பார்த்து, அன்புள்ளவர்களாக இருங்கள் என்று வேறொரு பிரசங்கம் கைவசம் இருக்கிறது, அதைச் செய்துவிடட்டுமா என்று என்னிடம் கேட்டான்.

"சொன்னதையே சொல்லும் தம்பி," என்றேன். "முதல் பாதிய வேகமாச் சொல்லிட்டு, ரெண்டாம் பாதிய நிறுத்திச் சொல்லும்."

கூட்டத்தன்று கோயிலில் இடமில்லை. கிறிஸ்துமஸுக்கு வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். அத்தான் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு, சபையைப் பார்த்தபடி மேடையில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். நடுவில் எழுந்து போக வழியே இல்லாத இடம். கடைசியில், செருப்புகள் கிடக்கும் வாசல் பக்கம், அருக்காணியும் மஹிமாவும் நின்றார்கள். அவர்களுடைய இரும்புப் பெட்டி கட்டி வைத்தாகிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

இன்பராஜ் முதல் பாதியைச் சொன்னான். அத்தான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். அந்தத் தெய்வங்கள் யார் என்ற இடம் வந்தது. பையன் நிறுத்தி, தண்ணீர் குடித்தான். சபை முழுவதும் ஒன்றாகத் திரும்பி அத்தானைப் பார்த்தது. இவ்வளவு பேர் ஆசையோடு பார்க்கிறார்களே என்று அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

அவர்கள் நியாயம் தீர்க்க உட்கார்ந்தவர்கள் என்றான் இன்பராஜ். ஏழையைக் காப்பாற்றுவது கடவுளின் வேலை. அந்த வேலையில் கொஞ்சத்தை மனிதன் கையில் கொடுத்ததால், கடவுள் தன் பெயரையும் அவனுக்கு இரவல் கொடுத்தார். ஆனால் அந்தச் சங்கீதத்தில் தெய்வங்களை யாரும் புகழவில்லை. அங்கே கடவுள் எழுந்து நிற்கிறார், இந்தத் தெய்வங்களைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிறார். எத்தனை காலம் கோணலாகத் தீர்ப்புச் சொல்வீர்கள், தகப்பனில்லாத பிள்ளைக்கு என்ன செய்தீர்கள், போக்கிடமில்லாதவளுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். உங்களைத் தெய்வங்கள் என்று சொன்னவன் நான்தான், ஆனாலும் எல்லா மனுஷரையும் போல நீங்களும் செத்துத்தான் போவீர்கள் என்று தீர்ப்புச் சொல்கிறார். இவ்வளவையும் பையன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

அத்தானின் தலையாட்டல் எந்த இடத்தில் நின்றது என்று நான் கவனிக்கவில்லை. பார்க்கும்போது வாய் திறந்திருந்தது. அவர் மெதுவாக இன்பராஜ் பக்கம் சாய்ந்தார். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, இது அன்னைக்கும் இருந்துச்சா?"

"இருந்துச்சு ஐயா. நீங்க சாம்பாருக்குப் போயிட்டீங்க."

முதலில் சிரித்தது எங்கள் அக்கா. பிறகு சபையே சிரித்தது. போதகர் ஞானப்பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். நானும்தான் சிரித்தேன், இரண்டு மாதம் அடக்கி வைத்தது. அத்தான் சிரிப்பு ஓய்கிறவரை உட்கார்ந்தே இருந்தார். அவமானத்தில் ஏதாவது ஏடாகூடமாகச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. கோபம் வந்தால் அவர் தலைகீழாக நிற்கிறவர். சிரித்தது நாங்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டியது அவர்கள்.

அவர் எழுந்தார். அங்கவஸ்திரத்தை எடுத்து நாற்காலியின் மேல் போட்டார். மேடையை விட்டு இறங்கி, நடுவழியாக நடந்து, செருப்புகள் கிடக்கும் இடத்துக்குப் போனார். மஹிமாவுக்கு முன்னால் நின்று, துறைமுகத்தில் கற்ற கரடுமுரடான பெங்காலியில், பிரசங்கம் புரிந்ததா என்று கேட்டார். பாதி புரிந்தது என்றாள் அவள். எனக்கும் பாதிதான் புரிந்திருந்தது என்றார் அவர். பிறகு, நீ எங்கே படிக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அதை அந்தப் பெண்ணிடம் கேட்டவர் ஒருவருமில்லை. நான் உட்பட ஒருவருமில்லை.

"எக்கானே," என்றாள் மஹிமா. இங்கேதான் என்று அர்த்தம். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அத்தான் சபையைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அறை அருக்காணிக்கு என்றார். மகள் படித்து முடிக்கிறவரை மட்டும் என்று கணக்கு வேண்டாம், அருக்காணிக்கு வேண்டும் என்கிறவரை. கோயில் வேலை அவளுக்கே, சம்பளமும் அவளுக்கே. யாராவது இதற்கு மாறாகச் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். யார் சொல்வார்கள்? அப்போது பின்னாலிருந்து ஒருவர், விருந்தாளிப் பிரசங்கியார்கள் எங்கே தங்குவார்கள் என்று கேட்டார்.

"வழக்கம்போல எங்க வீட்டுலதான்," என்றார் அத்தான். "பத்துப் பாட்டும் பாடட்டும்."

அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அருக்காணி அதுவரை சுவரோடு ஒட்டி நின்றவள், சட்டென்று முன்னால் வந்து அவர் காலில் விழுந்தாள். "சாமி, நீங்கதானுங்க எங்களுக்குத் தெய்வம்," என்றாள். நம் ஊரில் உதவி செய்தவர்களிடம் சொல்வதுதான். ஆனால் அத்தான் கொதிக்கிற அண்டாவில் கால் வைத்தவர் போல் துள்ளிப் பின்னால் போனார், செருப்புக் குவியலில் தடுக்கி, பின்னாலேயே இறங்கி வந்திருந்த இன்பராஜ் மேல் சாய்ந்தார்.

"அம்மா, அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத தாயி," என்றார். "ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

"வேற என்னன்னு சொல்றதுங்க?"

அவர் யோசித்தார். அவருக்கு அக்கா தங்கை கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளை.

"அண்ணேன்னு சொல்லு. நல்லது பொல்லாதுக்கு வந்து கேட்டுக்க," என்றார்.

அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அண்ணன் என்று ஆகிவிட்டால் லேசில் தப்ப முடியாது. கிறிஸ்துமஸுக்குச் சேலை, பொங்கலுக்குக் கரும்பு, மஹிமாவுக்குப் பரீட்சை என்றால் வாசலில் குடையோடு காத்து நிற்பது, காலேஜில் சேர்ப்பதற்கு வரிசையில் நிற்பது, எல்லாம் வந்து சேர்ந்தது. தலையெழுத்து என்று முணுமுணுத்துக்கொண்டே எல்லாம் செய்தார். தீர்ப்புச் சொல்வதையும் விட்டுவிடவில்லை. தண்ணீர் மோட்டார் சண்டைக்கு மறுபடியும் போனார், பிமல்தா கதவைச் சாத்திக்கொண்டார்.

2006-ல் அத்தான் செத்துப்போனார், எல்லா மனுஷரையும் போலத்தான். மூச்சுத் திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, ஒருவர்தான் உள்ளே போகலாம், நெருங்கிய சொந்தமாக இருக்க வேண்டும் என்று வார்டு வாசலில் நர்ஸ் மறித்தாள். அக்கா அழுதுகொண்டே என் பக்கம் ஒதுங்கினாள். அப்போது வேலையிலிருந்து நேராக ஓடி வந்திருந்த மஹிமா நர்ஸின் கையை விலக்கினாள். பேஷண்டுக்கு நீ என்ன உறவு என்று நர்ஸ் அதட்டினாள்.

"ஆமார் மாமா," என்றாள் அவள். என் மாமா. பெங்காலியிலும் தமிழிலும் அம்மாவின் அண்ணனுக்கு அதுதான் பெயர். சொல்லிவிட்டு, அக்காவை முன்னால் தள்ளி உள்ளே விட்டுவிட்டு, அந்த நர்ஸோடு வாசலிலேயே நின்று சண்டை போட்டாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.